தொட்டியில் படிந்த வளையம்: ஜெர்மன் பெண் புனைகதையில் அருவருப்பும் தூய்மையும்

வின்ஃப்ரீட் மென்னிங்ஹவுஸ் 1999இல் வெளியிட்ட ‘ஏக்கெல்’ (அருவருப்பு) என்ற பெருநூலை ஒதுக்கிவைத்துவிட்டு ஜெர்மன் இலக்கியத்தில் அருவருப்பைப் பற்றி எழுத முடியாது. 1750களின் அழகியலாளர்களில் தொடங்கி கான்ட், ரோசன்கிரான்ஸ், நீட்சே, ஃப்ராய்ட், காஃப்கா, பத்தாய், சார்த்ர் வழியாக க்ரிஸ்தேவா வரை வரும் அந்த நூலின் மையக் கண்டுபிடிப்பு ஒன்றுதான்: செவ்வியல் அழகியல் அருவருப்புக்கு ஓர் உடலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, அது கிழவியின் உடல். சுருக்கம், மரு, பல் போன வாய், தொங்கிய மார்பு, நாற்றம். ஹொராஸின் வசைக் கவிதைகள் தொட்டு லெஸ்ஸிங், ஹெர்டர் வரை இந்தக் கிழவி ஓயாமல் வந்துபோகிறாள். அருவருப்பைப் பற்றிய தன் நூல், கிழவியைப் பற்றி ஆண்கள் கொண்ட கற்பனையின் வரலாறாகவும் இருக்கிறது என்று மென்னிங்ஹவுஸே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவர் இதைக் கவனிக்கவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. கவனித்த பிறகு அவர் எங்கே போய் நின்றார் என்பதில்தான் என் முரண்பாடு.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மனில் ‘ஏக்கெல்’ ஆண்பாலில் வந்தால் அருவருப்பு என்ற உணர்வு. அஃறிணைப் பாலில் வந்தால் அருவருக்கத்தக்க ஆள். உணர்வும் அதற்கு ஆளானவரும் ஒரே சொல்லில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள். தமிழில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான இளிவரலைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன். தொல்காப்பியம் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்கள் காட்டுகிறது. மூப்பு முதலில் நிற்பது மென்னிங்ஹவுஸை மகிழ்வித்திருக்கும். ஆனால் அந்த மூப்புக்கு நூற்பா பால் குறிக்கவில்லை. மேலும் இளிவரலில் தன்னைத் தானே தாழ்வாக உணர்வதும் அடங்கும். அதனால் இங்கே அருவருப்பு என்றே எழுதுகிறேன். ‘ஜெர்மன்’ என்பதும் இக்கட்டுரையில் மொழியைக் குறிக்கும், நாட்டை அன்று. பேசப்படுபவர்களில் ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் ருமேனியாவில் பிறந்தவர்.

மென்னிங்ஹவுஸ் வரைந்து காட்டும் செவ்வியல் உடல் ஒரு சிலை. அதன் தோல் மடிப்பின்றி ஓடும், துளைகள் மறைந்திருக்கும், உள்ளிருப்பது எதுவும் வெளியே வராது. கான்ட் 1790இல் எழுதிய தீர்ப்பாற்றல் பற்றிய நூலின் 48ஆம் பிரிவில், எந்த அசிங்கத்தையும் கலை அழகாக்கிக் காட்டிவிடும், அருவருப்பை மட்டும் முடியாது என்று விலக்கிவைத்ததும் இந்தச் சிலையைக் காப்பாற்றத்தான். இதுவரை ஏற்கிறேன். ஆனால் சிலைக்கு வேர்ப்பதில்லை. உயிருள்ள உடலைச் சிலைபோல வைத்திருக்க வேண்டுமானால் ஒருவர் தண்ணீர் காய்ச்ச வேண்டும், துணி துவைக்க வேண்டும், தரை துடைக்க வேண்டும். அந்த ஒருவர் மென்னிங்ஹவுஸின் நூலில் தலைகாட்டுவதேயில்லை. அவர் பார்வையில் பெண் அருவருப்பின் பொருள். நூலின் கடைசிப் பகுதியில், க்ரிஸ்தேவாவுக்குப் பிறகு, விலக்கப்பட்ட உடலை வலிந்து பெருமைப்படுத்துபவள். அந்தப் பெருமைப்படுத்தல்மீது அவருக்கு ஐயம் உண்டு, எனக்கும் உண்டு. மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவள் துப்புரவு செய்பவள்.

அவர் நீண்ட இயல் ஒதுக்கும் காஃப்காவிடமே இதற்குச் சான்று கிடைக்கிறது. ‘உருமாற்றம்’ (1915) கதையில் பூச்சியாகிவிட்ட கிரேகரின் அறையைப் பெருக்குவது முதலில் தங்கை கிரேட்டே. அவளும் சலித்துப்போன பிறகு வீட்டு வேலைக்கு வரும் ஒரு கிழவி. எலும்பு தடித்த விதவை, வாழ்க்கையில் மோசமானது அனைத்தையும் பார்த்துவிட்டவள். வீட்டில் எல்லாரும் கிரேகரைக் கண்டு குமட்டிக்கொண்டிருக்க, அவளுக்கு உண்மையில் அருவருப்பு இல்லை என்று காஃப்கா தெளிவாகச் சொல்கிறார். கிரேகர் செத்துக் கிடப்பதைத் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்து உறுதிசெய்பவளும் அவளே, அப்புறப்படுத்துபவளும் அவளே. அருவருப்பின் இலக்கணமாக மென்னிங்ஹவுஸ் காட்டும் கிழவி, ஜெர்மன் மொழியின் மிகப் புகழ்பெற்ற அருவருப்புக் கதையில் துடைப்பத்தோடு எதிர்ப்பக்கம் நிற்கிறாள். இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இங்கே நான் முன்வைப்பது இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனில் எழுதிய பெண்களின் புனைகதையில் அருவருப்பின் ஊற்று உடலின் துளைகளிலோ மூப்பிலோ இல்லை, தூய்மை என்ற கட்டளையிலும் அதை நிறைவேற்றும் வேலையிலும் இருக்கிறது.

இது எப்போது தொடங்கியது? சார்லோட்டே ரோஷின் ‘ஃபொயிஷ்ட்கெபீட்டே’ (ஈரநிலங்கள்) 2008இல் வந்தபோது எல்லாம் அன்றுதான் தொடங்கியதுபோலப் பேசப்பட்டது. அமேசானின் உலக விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜெர்மன் நூல் என்ற செய்தி அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அதே ஆண்டு வந்த ‘நாங்கள் ஆல்ஃபாப் பெண்கள்’, ‘புதிய ஜெர்மன் பெண்கள்’ போன்ற கட்டுரை நூல்களோடு சேர்த்து அதைப் புதுப் பெண்ணியம் என்று ஒரு கூடையில் போட்டார்கள். சற்றுப் பழைய தலைமுறையினர் வெரேனா ஷ்டெஃபானின் ‘ஹாய்ட்டுங்கன்’ (தோலுரிப்புகள், 1975) நூலிலிருந்து கணக்கிடுவார்கள். என் பார்வையில் ஷ்டெஃபான் ஒரு கிளைவழி. பெண்ணுடலைப் பற்றிய மருத்துவச் சொற்களையும் கொச்சைச் சொற்களையும் வெறுத்து, செடிகொடிகளிலிருந்தும் பூசணியிலிருந்தும் புதுச் சொல் எடுக்கப் பார்த்தார் அவர். மறு ஆண்டே ‘குராஜ்’ என்ற பெண்ணிய இதழில் பிரிகிட்டே கிளாசனும் கப்ரியேலே கொட்லேயும் அந்தத் தாவரமயத்தைக் கேலி செய்துவிட்டார்கள். அழுக்கை அழகாக்குவது அருவருப்பை ஆராய்வது ஆகாது.

நான் 1964க்குப் போகிறேன்: கிசெலா எல்ஸ்னரின் ‘டீ ரீசன்ட்ஸ்வெர்கே’ (இராட்சதக் குள்ளர்கள்). லோத்தர் என்ற சிறுவன் தந்தை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் நூல் தொடங்குகிறது. மெல்லும் வாய், கத்தி, முள்கரண்டி, சாப்பாட்டு மேசையின் ஒழுங்கு. போருக்குப் பின் செழித்த நடுத்தர வீட்டின் நல்லொழுக்கமே அங்கே குமட்டலாக மாறுகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்ஸ்னரின் கதைசொல்லி ஒரு பையன். நூலின் களம் குளியலறையைவிட உண்ணும் மேசை. எனவே 1964ஐத் தொடக்கம் என்று அறைந்து சொல்லாமல், 1964க்கும் 1982க்கும் இடையே என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

1982 என்று சொல்லக் காரணம் ஒன்றரைப் பக்கக் கதை ஒன்று. ஹெர்டா முல்லரின் ‘டாஸ் ஷ்வேபிஷே பாட்’ (ஷ்வாபியக் குளியல்). 1981இல் திமிசோராவிலிருந்து வந்த ‘நோயெ பனாட்டர் சைட்டுங்’ என்ற ஜெர்மன் மொழி நாளிதழில் அச்சானது. 1982இல் புக்காரெஸ்டில் வந்த ‘நீடருங்கன்’ (தாழ்நிலங்கள்) தொகுப்பில் சேர்ந்தது. அத்தொகுப்பு தணிக்கையில் வெட்டுப்பட்டது. புலம்பெயர்தலை நினைவூட்டும் என்பதால் ‘பெட்டி’ என்ற சொல்லைக்கூட நீக்கினார்கள் என்று ஆசிரியர் பின்னர் சொல்லியிருக்கிறார். 1984இல் மேற்கு பெர்லினில் ரோட்புக் பதிப்பகம் அதைச் சுருக்கி வெளியிட்டது. முழு வடிவம், ஆசிரியர் திருத்தத்தோடு, 2010இல்தான் ஹான்சர் பதிப்பாக வந்தது. நூல் இப்படி மூன்று உருவம் எடுத்தாலும் குளியல் கதை ஒவ்வொன்றிலும் தன் இடத்தை விடவில்லை. பெட்டியைக் கண்டு பயந்த தணிக்கையாளருக்கு அழுக்குத் தண்ணீர் ஆபத்தாகப் படவில்லை போலும். ஆபத்தை மோப்பம் பிடித்தவர்கள் ஊர்க்காரர்கள். நாளிதழுக்குக் கண்டனக் கடிதங்கள் வந்தன. தன் கூட்டையே அசிங்கம் செய்யும் பறவை என்ற பழி முல்லரை ஜெர்மனிவரை துரத்தியது.

கதையில் நடப்பது இவ்வளவுதான். சனிக்கிழமை மாலை. குளியலறை அடுப்பு தகிக்கிறது. முதலில் இரண்டு வயதுக் குழந்தை ஆர்னியைக் குளிப்பாட்டுகிறார்கள். அதே தண்ணீரில் தாய் இறங்குகிறாள். பிறகு தந்தை, பிறகு பாட்டி, கடைசியில் தாத்தா. ஒவ்வொருவரும் உடம்பின் ஓரிடத்தைத் தேய்க்கிறார்கள்: தாய் கழுத்தை, தந்தை மார்பை, பாட்டி தோளை, தாத்தா முழங்கையை. ஒவ்வொருவரிடமிருந்தும் அழுக்கு உருண்டு வந்து நீர்மேல் மிதக்கிறது, முந்தியவரின் அழுக்கோடு சேர்கிறது. தொட்டியைச் சுற்றிப் படியும் வளையம் மஞ்சளாக, பழுப்பாக, கறுப்பாக மாறுகிறது. தண்ணீர் சூட்டிலிருந்து வெதுவெதுப்புக்கும் பிறகு பனிக்குளிருக்கும் இறங்குகிறது. ஆனால் வெளியே வருபவர் அடுத்தவரிடம் தண்ணீர் இன்னும் ஆறவில்லை என்றே சொல்கிறார்.

அந்த அழுக்கை நாம் திரி என்போம். திரிதிரியாக வருகிறது என்பது நம் வீட்டுப் பேச்சு. முல்லர் அதை ‘நூடெல்ன்’ என்கிறார், அதாவது நூடுல்ஸ். தமிழில் பெயர்ப்பவர் ‘திரி’ என்று எழுதிவிட்டால் வாக்கியம் இயல்பாகிவிடும், கதை செத்துவிடும். நூடுல் அந்தக் கிராமத்துச் சமையலறையில் பெண்கள் மாவு பிசைந்து உருட்டுவது. கை செய்யும் வேலை ஒன்றே: மேசைமேல் உருட்டினால் உணவு, தோல்மேல் உருட்டினால் அழுக்கு. சமைக்கும் சொல்லும் கழுவும் சொல்லும் ஒன்றில் ஒன்று கலந்த அந்தக் கணத்தில்தான் வாசகருக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. சேமியா என்று வைத்தால் ஒருவேளை பொருந்தும்.

இனி மென்னிங்ஹவுஸின் கிழவியை இந்தத் தொட்டியில் தேடுவோம். பாட்டி இருக்கிறாள். அவள் தோளிலிருந்து உதிர்வது தந்தையின் மார்பிலிருந்து உதிர்ந்ததேதான். சொல் மாறவில்லை, வாக்கிய அமைப்பும் மாறவில்லை. அவள் கடைசியும் அல்லள். உச்சம் தாத்தாவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது: பாட்டி கதவைத் திறந்து பார்க்கும்போது கறுத்த நீரில் அவரைக் காணவேயில்லை. வயதும் பாலும் அருவருப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாத ஒரு கணக்கு இது. கூட்டுவது வரிசைமுறை. வீட்டின் சிக்கனம், வீட்டின் மரியாதை, வீட்டின் வாராந்தரச் சுத்தம் எல்லாம் சேர்ந்து அந்தக் கறுப்பை உருவாக்குகின்றன. சுத்தம் செய்யும் செயலே அழுக்கை உற்பத்தி செய்கிறது.

கதை முடியும்போது நீர் வடிகிறது. நாலு பேரின் நூடுல்களும் வடிகுழிமேல் சுழல்கின்றன. குளித்து முடித்த குடும்பம் தொலைக்காட்சி முன் திரைப்படத்துக்காகக் காத்திருக்கிறது. தொட்டியின் கறுப்பு வளையத்தை யார் தேய்த்தார்கள் என்பது கதையில் இல்லை. சொல்லாததைச் சான்றாக்குவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது என்று என் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன்: எல்லாவற்றையும் எண்ணி எண்ணிப் பதிவுசெய்யும் ஒரு பிரதி, யாராவது மறுநாள் முழங்காலிட்டுச் செய்தே ஆக வேண்டிய வேலையை மட்டும் விட்டுவிடுவது மறதியால் அன்று. அந்த வேலையைச் செய்யப்போகிறவள் இப்போது தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறாள்.

தலைப்பில் வரும் ‘ஷ்வாபிய’ என்ற அடைமொழியையும் எளிதாக விட முடியாது. முல்லரின் பிறந்த மண்ணான பனாட்டின் ஜெர்மானியக் குடியேறிகள் பலரின் முன்னோர் ஷ்வாபியாவிலிருந்து வந்தவர்களே அல்லர். லொரேன், பஃபால்ஸ் போன்ற பகுதிகளிலிருந்து வந்தவர்களையும் அண்டை மக்கள் அதே பெயரில் அழைத்தார்கள். 1718இல் பனாட் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்குள் வந்தபின் குடியேறிய அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை, சதுப்பை வடித்து நிலமாக்கியவர்கள் நாங்கள் என்பது. துப்புரவு அங்கே இனத்தின் அடையாளம். முல்லரின் தந்தை நாஜிகளின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்தவர். ஜெர்மனில் ‘சௌபர்’ என்றால் சுத்தம். ‘சாய்பருங்’ என்றால் களையெடுப்பு, ஆட்களைக் களைவதும் சேர்த்து. ‘இனச் சுகாதாரம்’ என்ற சொல்லை ஆல்ஃப்ரெட் ப்ளோட்ஸ் 1895இலேயே புழக்கத்தில் விட்டுவிட்டார். அந்த மொழியில் தூய்மையைக் கண்டு குமட்டுவதற்கு வரலாற்றுக் காரணம் வேறு வேண்டுமா?

மற்றவர்களை விரைவாகவே கடக்கிறேன். ஆன்னே டூடனின் ‘யூபர்காங்’ (1982, இதுவும் ரோட்புக் வெளியீடு) கதையில் தாக்குதலில் ஒரு பெண்ணின் வாயும் தாடையும் நொறுங்குகின்றன. இதுநாள்வரை விழுங்கிவந்ததெல்லாம் அந்த வாய்வழியே திரும்பி வருகிறது. கிறிஸ்டா வோல்ஃபின் ‘லைப்ஹாஃப்டிக்’ (2002) சீழ் பிடித்த உடலையும் கிழக்கு ஜெர்மனியின் கடைசி நாட்களையும் ஒரே மருத்துவமனைக் கட்டிலில் கிடத்துகிறது. ரோஷின் ஹெலன் மேமலும் மருத்துவமனையில்தான் கிடக்கிறாள். கிருமிநாசினி மணக்கும் இடத்தில் இந்தக் கதைகள் ஏன் திரும்பத் திரும்பக் கூடுகின்றன என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்: சவரக் கத்தி. எல்ஃப்ரீடே யெலினெக்கின் ‘டீ கிளவீர்ஷ்பீலரின்’ (பியானோ ஆசிரியை, 1983) நாவலில் எரிகா கோஹுட் குளியலறையில் தந்தையின் சவரக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தந்தையின் பிளேடால் தன்னையே கீறிக்கொள்கிறாள். இருபத்தைந்து ஆண்டு கழித்து ஹெலன், அந்தரங்க முடியை மழிக்கும்போது ஆசனவாயில் வெட்டிக்கொண்டு அறுவைச் சிகிச்சைக்குப் போவதில் ரோஷின் நாவல் தொடங்குகிறது. இரண்டிலும் கத்தி சுகாதாரத்தின் கருவி. இரண்டிலும் கதவுக்கு வெளியே ஒரு தாய். எரிகாவின் தாய் மகளின் உடைகளையும் நேரத்தையும் கண்காணிப்பவள். ஹெலனின் தாய் சுத்தத்தை வேதமாக ஓதியவள். ஹெலன் பொதுக் கழிப்பறைகளில் செய்யும் சோதனைகளைப் பார்த்து அதிர்ந்த பத்திரிகைகள், நாவலின் அடியில் எரிவாயு அடுப்பருகே தாயும் தம்பியும் மயங்கிக் கிடந்த ஒரு நினைவு இருப்பதை ஓரமாகத்தான் குறிப்பிட்டன. அவளுடைய அழுக்குச் சோதனைகள் அந்த நினைவைச் சுற்றிக் கட்டிய வேலி.

இனி என் வாதத்தின் மெல்லிய இடம். முல்லரின் தலைப்பு ‘தாழ்நிலங்கள்’. ரோஷின் தலைப்பு ‘ஈரநிலங்கள்’. இடையில் கரேன் டூவேயின் ‘ரேகன்ரோமான்’ (மழை நாவல், 1999): கிழக்கே சதுப்போரம் வீடு வாங்கும் எழுத்தாளன் லேயோன், உண்டதை வாந்தியெடுக்கும் அவன் மனைவி மார்ட்டினா, ஓயாத மழை, தோட்டத்தைத் தின்னும் நத்தைகள், மெல்ல மெல்ல வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் சதுப்பு. மூன்றும் நீர் தேங்கும் நிலங்கள். ஒருவரையொருவர் படித்து வைத்த தலைப்புகள் என்பதற்கு நான் சான்று காட்ட முடியாது. ரோஷ் இங்கிலாந்தில் பிறந்து தொலைக்காட்சி வழியாக இலக்கியத்துக்கு வந்தவர். பனாட்டோடு அவருக்கு என்ன உறவு என்று கேட்டால் நான் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். ஆனாலும் படிமங்களுக்கு ஆளறிமுகம் தேவையில்லை. கிளவுஸ் தேவலைட் ‘ஆண் கற்பனைகள்’ (1977–78) நூலில், முதல் உலகப் போருக்குப் பின் திரிந்த ஃப்ரைகோர் படையினரின் எழுத்துகளைத் துருவி, அவர்களுக்குப் பெண் என்றால் வெள்ளம், சேறு, சதுப்பு என்று காட்டினார். வடித்தாக வேண்டிய நிலம். அந்தச் சதுப்பு மூன்று பெண்களின் நூல் அட்டைகளில் பெயராக எழும்புவதைத் தற்செயல் என்று சொல்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

மென்னிங்ஹவுஸ் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு எழலாம்: கிழவியின் உடலை அருவருக்கும் ஆண் கண் இந்த நாவல்களில் எங்கும் போய்விடவில்லையே? உண்மைதான். டானியேலா ட்ரோஷரின் ‘லூகன் யூபர் மைனே முட்டர்’ (என் தாயைப் பற்றிய பொய்கள், 2022) முழுக்க அந்தக் கண்தான். 1980களின் ஹுன்ஸ்ரூக் கிராமத்தில் தந்தைக்குத் தன் தோல்விகளுக்கெல்லாம் மனைவியின் எடையே காரணம். ஆனால் ட்ரோஷர் அந்தப் பருத்த உடலைச் சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் பிறர் குழந்தையைப் பார்த்துக்கொண்டும் நடமாட விடுகிறார். வேலை கண்ணில் படத் தொடங்கியதும், அருவருப்பு யாருடையதோ அவர் பக்கமே திரும்பிவிடுகிறது.

மென்னிங்ஹவுஸ் விரிவாகப் படித்த ஃப்ராய்டிடம் கடைசியாக ஒருமுறை போகிறேன். 1905இல் வெளியான டோராவின் நோய் வரலாற்றில், பதினான்கு வயதுப் பெண் தன்னை முத்தமிட்ட குடும்ப நண்பரிடம் கொண்ட அருவருப்பை ஃப்ராய்ட் நோய்க்குறியாக வாசித்தது எல்லாரும் அறிந்த செய்தி. அதே நூலின் தொடக்கத்தில் டோராவின் தாய்க்குச் சில வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நாள் முழுக்க வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் துடைத்துக்கொண்டே இருந்ததால் ஃப்ராய்ட் அவளுக்கு ‘இல்லத்தரசி மனநோய்’ என்று பெயர் வைத்தார். அவளைத் தாம் பார்த்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். பல பக்கங்கள் தள்ளி வேறு இரண்டு செய்திகள் வருகின்றன: டோராவின் தந்தைக்குத் திருமணத்துக்கு முன்பே மேகநோய் இருந்தது, தாய் வயிற்று வலியாலும் வெள்ளைப்படுதலாலும் அவதிப்பட்டாள். இந்த மூன்றையும் ஃப்ராய்ட் ஓரிடத்தில் சேர்த்து வைக்கவில்லை. அந்தத் தாயை நோய்தீர்க்க அனுப்பிய ஊர் ஃப்ரான்சென்ஸ்பாட், குளியலுக்குப் பேர்போன ஊர்.